கேஷுவாலிட்டியில் கனிவு: நோயாளியின் வீட்டாரும் இளம் செவிலியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனைகளின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 21 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்திருக்கிறேன். பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் மக்களுக்கு அது கேஷுவாலிட்டிதான். அங்கே கதவுக்கு வெளியே நிற்பவர்கள் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கதவுக்கு உள்ளே, புதிதாகப் பணியில் சேரும் தங்கைகளும் தம்பிகளும் வேறு சில கேள்விகளைக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். ஒரு பக்கத்தாருக்குச் சொன்ன பதிலை மறுபக்கத்தாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாங்கள் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. எங்களுக்குப் பிறகு வந்தவரை உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இது நியாயமா?

நியாயம்தான். ஆனால் காரணத்தை உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டார்களே, அது நியாயம் இல்லை.

ரேஷன் கடையில் நிற்பதுபோல இங்கே வரிசை கிடையாது. யாருடைய உயிர் முதலில் போகக்கூடுமோ அவருக்கே முதல் இடம். இப்படிப் பிரிப்பதற்கு ட்ரையேஜ் என்று பெயர். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, காயம்பட்டவரின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சைக்கு எடுத்தார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நோயாளியை வாசலிலேயே பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறோம். மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றை வைத்துத்தான் நிறம். விரல் வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவர் பச்சையில் உட்கார்ந்திருப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்த முகத்தோடு தானே நடந்து வந்தவரைச் சிவப்புக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

அதனால் ட்ரையேஜ் மேசையில் இருக்கும் செவிலியர் இதைச் சொல்லியாக வேண்டும்: "ஐயா, உயிருக்கு ஆபத்தான அறிகுறி இப்போது உங்களுக்கு இல்லை. உள்ளே இரண்டு பேருக்கு மூச்சுத் திணறல். அவர்களைப் பார்த்துவிட்டு வருவதற்கு அரை மணிக்கு மேல் ஆகலாம். அதற்குள் மயக்கமோ வாந்தியோ நெஞ்சுவலியோ வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்." இதைச் சொல்லப் பத்து, பதினைந்து நொடி ஆகும். காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. ஆனால் தன்னை மறந்துவிட்டார்கள் என்ற பயம் போய்விடும். யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "எங்களுக்கு எந்த நிறம் போட்டிருக்கிறீர்கள், சிஸ்டர்?" கேட்பது உங்கள் உரிமை.

ஒரே இரவில் இத்தனை பேர் வருகிறார்கள். கனிவுக்கு நேரம் எங்கே இருக்கிறது, அக்கா?

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கனிவு என்றால் நேரம் இல்லைதான். நானும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படித்தான் நினைத்து, என்னால் முடியவில்லையே என்று வருந்தினேன். பிறகு நோயாளிகளே கற்றுக்கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்குத் தெரிவது கூரையும் மின்விசிறியும்தான். யாரோ வருகிறார்கள், எதையோ குத்துகிறார்கள், எதையோ மாட்டுகிறார்கள், போய்விடுகிறார்கள். வலியைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடப்பதைப் பொறுக்க முடியாமல் தவிக்கிறார்கள். கேஷுவாலிட்டியில் கனிவு என்பது முக்கால்வாசி, தெரிவிப்பதுதான்.

"வலது கையில் ஊசி போடப்போகிறேன், இரண்டு நொடி வலிக்கும்." "சட்டையைக் கத்தரிக்கிறேன். கையைத் தூக்கிக் கழற்றினால் எலும்பு நகர்ந்துவிடும்." "விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் இந்த மானிட்டர் கத்தும், பயப்படாதீர்கள்." இதற்கெல்லாம் தனி நேரம் வேண்டாம். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் சொல்லிவிடும்.

உங்கள் பெயரையும் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயாளியாக 2013-இல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தார். தன்னைத் தொட்டுச் சிகிச்சை செய்கிறவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "வணக்கம், என் பெயர் இது" என்று தொடங்க வேண்டும் என்பதையே ஓர் இயக்கமாக்கினார். 2016-இல் அவர் இறந்தார். அந்த வாக்கியம் பொறித்த அட்டையை அந்நாட்டுச் செவிலியரும் மருத்துவரும் அணிந்துகொள்கிறார்கள். நம் ஊரில் எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், சிஸ்டர். கேட்கவும் மாட்டார்கள், நாங்களும் சொல்வதில்லை. இரவு மூன்று மணிக்குப் பயந்துபோய்க் கிடப்பவருக்கு, கூப்பிட ஒரு பெயர் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அழுக்கு வேட்டியோடு வந்தால் "வா, படு, காட்டு" என்கிறார்கள். பேன்ட் போட்டவரிடம் "வாங்க சார்" என்கிறார்கள். ஏன்?

இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. தவறு. அதை நானும் செய்திருக்கிறேன்.

கரும்பு வெட்டும் வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவர், ஒரு பக்கம் கை கால் விளங்காமல் வந்திருந்தார். "கையைத் தூக்கு, சிரி, பல்லைக் காட்டு" என்று பரிசோதித்துக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், அவசரம் உண்மைதான். கூடவே நின்ற பேத்திக்குப் பத்து வயது இருக்கும். "எங்கள் ஊரில் தாத்தாவை யாரும் நீ என்று பேச மாட்டார்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோலச் சொன்னாள். அன்றிலிருந்து என் வாயில் ஒருமை வந்ததில்லை. "தூக்குங்கள்" என்பதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் ஒன்றும் இல்லை.

உறவுமுறை சொல்லி அழைப்பது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணைப் பாட்டி என்றால் அவர் முகம் சுருங்குகிறது. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும், அம்மா?" என்று ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. திருநங்கை ஒருவர் வந்தால், ஆதார் அட்டையில் இருப்பதைச் சத்தம் போட்டுப் படிக்காமல், அவர் சொல்லும் பெயரால் அழைக்க வேண்டும். கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த பையனுக்குத் தமிழ் தெரியாவிட்டால், அவனுடைய மேஸ்திரியையோ கூட வேலை செய்பவரையோ போனில் பிடித்து அவன் மொழியில் பேசவைக்க வேண்டும். யாரையும் "பாய்சன் கேஸ்", "ஸ்ட்ரோக் கேஸ்" என்று கூவக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் தலைமாட்டில் நின்றும் கூவக் கூடாது. அவர் காதில் விழாது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

தண்ணீர், தண்ணீர் என்று கெஞ்சினார். ஒரு வாய் கொடுக்க விடவில்லை. இதுவா கருணை?

அடிபட்டவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வயிற்றில் எதுவும் இருந்தால், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய் உயிரையே எடுத்துவிடலாம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனே போயிருக்கலாம். அதனால்தான் தடுக்கிறோம், சோடாவும் காபியும் வேண்டாம் என்கிறோம். ஆனால் தடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது. சுத்தமான துணியை நனைத்து உதட்டைத் துடைக்கலாம். பக்கவாதம் வந்தவருக்கும் நினைவு தப்பியவருக்கும் உதட்டைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வாய்க்குள் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செவிலியருக்கு நேரம் இல்லாவிட்டால் எப்படித் துடைப்பது என்று வீட்டாருக்குக் காட்டிக்கொடுத்துவிடலாம். என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவருக்கு, செய்ய ஒரு வேலை கிடைப்பதே பெரிய ஆறுதல்.

குடித்துவிட்டு வந்து ரகளை செய்பவரிடமும் கனிவாக இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்க நான் அங்கே இல்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் மருத்துவம் சார்ந்தது. உளறுகிறார், தள்ளாடுகிறார், அடிக்க வருகிறார் என்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வாயில் சாராய வாடை வந்துவிட்டால் இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். "போதை தெளியட்டும்" என்று மூலையில் விடப்பட்டவர் விடியும்போது கண் திறக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒருவரை வெறுத்துவிட்டால் அவரைச் சரியாகப் பரிசோதிக்கத் தோன்றாது. அதனால்தான் கனிவைக் கூடுதல் குணமாக நினைக்காமல் வேலைத் திறமையின் ஒரு பகுதியாக நினைக்கிறேன்.

குழந்தைக்கு ஊசி போடும்போது தாயை வெளியே அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். தாயின் மடியிலேயே வைத்துப் போடுங்கள். "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த ஊசிக்கு அந்தக் குழந்தை உங்களை நம்பாது. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சாப்பிடாத பிள்ளையிடம் "நர்ஸம்மாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று வீட்டில் மிரட்டாதீர்கள். அந்தப் பிள்ளை உண்மையாகவே அடிபட்டு வரும் நாளில், எங்களைப் பார்த்ததுமே நடுங்குகிறது.

விஷம் குடித்துவிட்ட என் தங்கையை, "சாக வேறு இடம் கிடைக்கவில்லையா" என்று செவிலியர் திட்டினார். அப்படித்தான் பேசுவார்களா?

உங்கள் தங்கையிடம் அந்தச் செவிலியர் சொல்ல வேண்டிய மன்னிப்பை நான் சொல்கிறேன்.

ஏன் அப்படி நடக்கிறது என்பதை நியாயப்படுத்தாமல் சொல்லிப் பார்க்கிறேன். பக்கத்துப் படுக்கையில் வாழ வேண்டும் என்று ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் தானே உயிரை விட முயன்றவர் படுத்திருப்பதைப் பார்த்துக் கோபம் வருகிறது. கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். நம் வீட்டிலும் இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்ற பயம். அந்தப் பயத்தை நோயாளிமேல் கொட்டுவது கொடுமை. இரைப்பையைக் கழுவும் குழாயைத் தண்டனைபோலப் போட்டு, "இனிமேல் புத்தி வரும்" என்று பேசுவதை என் இளம் வயதில் கேட்டிருக்கிறேன். மருத்துவப்படியும் அது தவறு. இரைப்பைக் கழுவல் சில விஷங்களுக்கு, அதுவும் குறுகிய நேரத்துக்குள் மட்டுமே பயன்படும். அமிலம், மண்ணெண்ணெய் போன்றவற்றில் கெடுதலே செய்யும். அதைப் பாடம் புகட்டப் பயன்படுத்த எந்தப் புத்தகத்திலும் இடம் இல்லை.

சட்டமும் மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே இடம்பெறவில்லை. கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும்; அது நடைமுறை. உங்கள் தங்கைமேல் வழக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாலே பாதிக் குடும்பங்களின் பதற்றம் அடங்கும். அந்தப் பதற்றத்தில்தான் "தெரியாமல் குடித்துவிட்டாள்" என்று மறைத்து, என்ன குடித்தார் என்ற உண்மையையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். மாற்று மருந்து கொடுக்க எங்களுக்கு அந்த உண்மை வேண்டும். பாட்டிலோ பாக்கெட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள்.

இளம் செவிலியருக்கு: "வந்து சேர்ந்துவிட்டீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று தொடங்குங்கள். உடம்பு நிலைப்பட்டதும் வீட்டாரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசுங்கள். கணவனோ மாமியாரோ பக்கத்தில் நின்றால் ஒரு பெண் எதையும் சொல்ல மாட்டாள். தீக்காயத்தோடு வந்து "ஸ்டவ் வெடித்துவிட்டது" என்று சொல்பவளும் அப்படித்தான். "இறந்துபோக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஒருவராவது கேட்டார்களே என்றுதான் இருக்கும். மனநல மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் பேச 14416 என்ற எண்ணும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கின்றன. அவற்றைச் சீட்டில் எழுதி நோயாளியின் கையிலேயே கொடுங்கள்.

இதயம் நின்று மார்பை அழுத்தும்போது எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்களே. ஒருவராவது உள்ளே இருக்கக் கூடாதா?

இருக்கலாம் என்பதுதான் என் கருத்து. என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபுட் மருத்துவமனை 1982-லேயே உறவினரை உள்ளே விடத் தொடங்கியது. பிரான்சில் 570 உறவினர்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. உள்ளே இருக்கலாம் என்று அழைக்கப்பட்டவர்களைவிட, அழைக்கப்படாதவர்களிடம் மூன்று மாதத்துக்குப் பிறகும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் அதிகம் இருந்தன. உறவினர் பார்த்துக்கொண்டிருந்ததால் சிகிச்சை கெடவும் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு செவிலியர் அவர் பக்கத்திலேயே நின்று நடப்பதை விளக்க வேண்டும். ஒருவருக்கு மேல் கூடாது. தாங்க முடியாவிட்டால் வெளியே போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எட்டுக்கு எட்டு அறையில், மூன்று செவிலியர் இருக்கும் இரவில், பத்துப் பேர் கதவை இடிக்கும்போது இது முடிவதில்லை. முடியாத இடத்தில் குறைந்தது இதைச் செய்யலாம்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் வெளியே போய், "இதயம் நின்றிருக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்துகிறோம். இன்னும் துடிப்பு வரவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வரவேண்டும். "பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்றும் ஆகாது" என்று சொல்லக் கூடாது. கால் மணி நேரம் கழித்து அந்தப் பொய்யோடுதான் அவர்களை மறுபடி சந்திக்க வேண்டியிருக்கும்.

இறந்த செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும்?

மருத்துவர் சொல்வார், செவிலியர் கூட இருக்க வேண்டும். நடைபாதையில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. அறை இல்லாவிட்டால் ஒரு பெஞ்சாவது வேண்டும். முதலில் யார் யார் என்ன உறவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "எக்ஸ்பயர் ஆகிவிட்டார்", "கையை மீறிவிட்டது" என்றெல்லாம் சொன்னால், இன்னும் ஏதோ செய்ய முடியும் என்று நினைத்து வேறு மருத்துவமனைக்கு வண்டி தேட ஆரம்பிப்பார்கள். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அழுகையை அடக்கச் சொல்லாதீர்கள்.

பைக் விபத்தில் இறந்த இருபத்திரண்டு வயதுப் பையனின் தாய் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பசியோடு இருந்தானா, அம்மா?" என்னிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொண்டுவரும்போதே அவனுக்கு நினைவு இல்லை, வலி தெரிந்திருக்காது. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியது முதல் கடைசிவரை அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரும்பாலான தாய்மார்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான் என்று அப்போது புரிந்தது: கடைசி நேரத்தில் பிள்ளை தனியாக இருந்தானா, இல்லையா. இதைக் கேட்கக் காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உடலைக் காட்டுவதற்கு முன் ரத்தத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்து, புதிய போர்வை போர்த்துங்கள். போலீஸ் விசாரணை உள்ள மரணம் என்றால் உள்ளே போட்ட குழாய்களை எடுக்கக் கூடாது. அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென்று பார்த்தால் வீட்டார் அலறிவிடுவார்கள். தாலி, மோதிரம், போன் எல்லாவற்றையும் எழுதி, சாட்சி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். தாலியை, ஊசியும் பஞ்சும் வைக்கும் கிட்னி ட்ரேயில் போட்டு நீட்டாதீர்கள், தாளில் மடித்துக் கையில் கொடுங்கள்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர், மரணத்துக்குப் பிறகு குழுவினர் எல்லாரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கினார். நாங்கள் அரை நிமிடம் நிற்போம். தூய்மைப் பணியாளர் அக்காவும் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு எங்களோடு நிற்பார்.

உடனே உடலைக் கொடுக்காமல் பிரேதப் பரிசோதனை என்கிறார்களே?

விபத்து, விஷம், தீக்காயம், சந்தேக மரணம் ஆகியவற்றில் அது கட்டாயம். இன்ஷூரன்ஸுக்கும் இழப்பீட்டுக்கும் அந்தச் சான்று வேண்டும். போலீஸ் விசாரணைத் தாள் வந்த பிறகே நடக்கும் என்பதால் தாமதம் ஆகிறது. தாள் எந்தக் காவல் நிலையத்திலிருந்து வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், அலைச்சல் பாதி குறையும்.

அடிபட்டுக் கிடந்தவரைக் கொண்டுவந்தேன். போலீஸ் தொல்லை வருமா? பணம் யார் கட்டுவது?

தயங்காமல் கொண்டுவாருங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை, நடைமுறைகள் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். கொண்டுவந்தவரிடம் செவிலியர் ஒரு சோப்பும் தண்ணீரும் காட்டிக் கை கழுவச் சொல்ல வேண்டும். சட்டையெல்லாம் ரத்தத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கும் அவரை யாருமே கவனிப்பதில்லை.

கோபத்தில் என் அண்ணன் செவிலியரை அடிக்கப் போய்விட்டார். என்ன செய்வது?

முதலில் அவரை வெளியே அழைத்துப் போங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை. எனக்கும் ஒருமுறை அறை விழுந்திருக்கிறது, வலியைவிட அவமானம் அதிகம். ஆனாலும் ஒன்றைச் சொல்வேன். அந்த மனிதர் நாற்பது நிமிடம் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அந்த நாற்பது நிமிடத்தில் நாங்கள் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் செய்தது குற்றம்தான், எங்கள் தவறும் அதில் இருந்தது.

பத்து ஆண்டு ஆகிவிட்டது அக்கா. இப்போதெல்லாம் யார் இறந்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நான் கெட்டவளாகிவிட்டேனா?

இல்லை, தங்கை. களைத்துப்போய்விட்டாய். 1992-இல் கார்லா ஜாய்ன்சன் என்ற செவிலியர் இதற்கு இரக்கக் களைப்பு என்று பெயர் கொடுத்து எழுதினார். அவர் எழுதியது யாரைப் பற்றி என்று நினைக்கிறாய்? அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரைப் பற்றித்தான். நம்மைப் போன்றவர்களுக்கு இது வரும் என்று முப்பது ஆண்டுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய எண்ணிக்கையைப்போலப் பல மடங்கு நோயாளிகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, கனிவாக இரு என்று சுவரில் எழுதிவைக்கிறார்கள். ஆள் போடாமல் கனிவைக் கேட்பது அநியாயம். இதை எல்லாக் கூட்டத்திலும் எழுந்து சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

உனக்கு நான் சொல்வது: இரவுப் பணி முடிந்ததும், பார்த்ததை யாரிடமாவது சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. வீட்டில் கணவனிடமோ அம்மாவிடமோ சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று எல்லாரும் விழுங்கிக்கொள்கிறோம். கூட வேலை செய்தவளிடம் டீக்கடையில் பத்து நிமிடம் சொல். சில மாதம் வேறு வார்டுக்கு மாற்றிக் கேள், அதில் வெட்கம் இல்லை. தூக்கம் போய்விட்டால் மனநல மருத்துவரைப் பார். நம் மருத்துவமனையிலேயே இருக்கிறார், நோயாளிகளை மட்டும் அவரிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அப்பாவைக் காப்பாற்றினார்கள். செவிலியர்களுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

பணம் வேண்டாம், வாங்கவும் கூடாது. ஸ்வீட் பாக்ஸும் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சிவப்புப் பகுதியில் நாங்கள் பார்க்கும் நோயாளி ஒரு மணி நேரத்தில் அறுவை அரங்குக்கோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ போய்விடுவார். அதற்குப் பிறகு பிழைத்தாரா, நடந்தாரா, வீட்டுக்குப் போனாரா என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரிவதே இல்லை. 21 ஆண்டுகளில் நான் தொட்ட எத்தனையோ பேருடைய கதையின் முதல் பக்கம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அப்பாவை அழைத்துக்கொண்டு கேஷுவாலிட்டி பக்கம் வந்து, "அன்று இரவு வந்தோமே, இவர்தான்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் வராதீர்கள். நோயாளிகளை ஒப்படைக்கும் வேலையில் இருப்போம். ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். அன்று பணியில் இருந்தவர் இல்லையென்றால் எந்தத் தேதி, எந்த இரவு என்று சொல்லுங்கள். அவரிடம் சொல்லிவிடுவோம்.